ரோபோ செய்கிறவர் எப்போது ‘மாட்டேன்’ என்கிறார்?

நம் கதைகளில் ரோபோ விஞ்ஞானி ஒரே காட்சியில் மனம் மாறிவிடுவார். அவர் செய்த இயந்திரம் ஒரு குழந்தையை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பும், அவருக்குக் கண் கலங்கும், அடுத்த காட்சியில் தன் ஆய்வகத்துக்கே தீ வைத்துவிடுவார். நிஜத்தில் நடந்தவற்றைப் படித்துப் பார்த்தால் அந்த மாற்றம் வேறு மாதிரி வருகிறது. சிலருக்கு ஒரு கடிதமாக வருகிறது, சிலருக்கு ராஜினாமாவாக வருகிறது. பலருக்கு வராமலே போகிறது. போரும் அரசியல் கொந்தளிப்பும் சுற்றிலும் நடக்கும்போது, இயந்திரத்துக்குக் கண்ணும் கையும் கொடுக்கிற ஒருவர் எந்த இடத்தில் ‘இதற்கு மேல் செய்ய மாட்டேன்’ என்கிறார், கூட இருந்தவர்கள் ஏன் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சென்னைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. அர்ஜுன் டாங்க் வடிவமைக்கப்பட்டது ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி மையத்தில். ஆளே இல்லாமல் ஓடும் ‘முந்த்ரா’ கவச வாகனத்தை 2017-ல் வெளியே கொண்டுவந்ததும் அதே மையம்தான். அதில் மூன்று வகை: வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, கதிர்வீச்சு உள்ள இடத்துக்குள் போய்ப் பார்க்க ஒன்று. 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, ஓசூர், சேலம், திருச்சியோடு சென்னையும் ஒரு முனை. இன்று கிண்டியிலோ குரோம்பேட்டையிலோ தாம்பரம் தாண்டி இருக்கும் கல்லூரிகளிலோ மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் படிக்கிற பிள்ளைக்கு முதல் வேலை ஒரகடம் கார் தொழிற்சாலையில் கிடைக்கலாம். ட்ரோன் கம்பெனியிலும் கிடைக்கலாம். அந்த ட்ரோன் நெல் வயலுக்கு மருந்து தெளிக்கும்; எல்லைக்கும் போகும்.

இந்தப் பிள்ளைகள் வருஷா வருஷம் செய்கிற ஒரு ப்ராஜெக்ட் இருக்கிறது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நூற்றுச் சொச்ச ரூபாய்க்குக் கிடைக்கும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் நீல நிறச் சின்ன சர்வோ மோட்டார் இரண்டு, ஒரு வெப்கேம், மோட்டாருக்குக் கட்டளை கொடுக்க ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு லேசர் பாயின்டர். ஒரு மோட்டார் இடவலமாகத் திருப்பும், இன்னொன்று மேலும் கீழும் ஆட்டும். கேமரா முகத்தைக் கண்டுபிடித்ததும் லேசர் புள்ளி அந்த ஆளின் சட்டையில் போய் நிற்க வேண்டும். முதல் தடவை ஓட்டும்போது புள்ளி எப்போதும் பின்தங்கியே இருக்கும். கேமரா படம் பிடித்து, கணினி அதைப் புரிந்துகொண்டு, மோட்டார் திரும்புவதற்குள் ஆள் ஒரு அடி நகர்ந்திருப்பார். சரி என்று, ஆள் எவ்வளவு வேகத்தில் போகிறார் என்று கணக்கிட்டு, இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இருக்கப்போகும் இடத்துக்குக் குறி வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். கால்மன் ஃபில்டர் என்ற கணித முறை இதற்குத்தான். அது சரியாக அமைந்ததும் புள்ளி நெஞ்சிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் கைதட்டல் கேட்கும். நியாயமான சந்தோஷம்தான். பல நாள் தூங்காமல் செய்த வேலை அது.

லேசர் பாயின்டர் இருக்கும் இடத்தில் வேறு எதையும் பொருத்தலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

1940-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் கணிதப் பேராசிரியராக இருந்த நோர்பர்ட் வீனர் எடுத்துக்கொண்டதும் இதே கணக்கைத்தான். லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். தரையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு அவ்வளவு உயரத்துக்குப் போய்ச் சேர 20 வினாடிவரை ஆகும். அதற்குள் விமானம் எங்கேயோ போயிருக்கும். பவுண்டரி எல்லையில் நிற்கும் ஃபீல்டர் பந்து விழப்போகும் இடத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி, விமானம் வரப்போகும் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். ஆனால் விமானி உயிருக்குப் பயந்து வளைந்து நெளிந்து பறப்பார். அந்த நெளிவிலும் ஒரு பழக்கம் இருக்கும், பயந்த மனிதன் திரும்பும் விதத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கும், அதைக் கணிதத்தில் பிடித்துவிடலாம் என்று வீனர் நம்பினார். ஜூலியன் பிகலோ என்ற இளம் பொறியாளரோடு சேர்ந்து அதற்கு ஒரு கருவியும் செய்தார். கருவி போர்க்களத்துக்குப் போகவே இல்லை; எளிமையான முறைகளைவிடப் பெரிதாக எதையும் அது சாதிக்கவில்லை என்று அந்த வேலை நிறுத்தப்பட்டது. கணிதம் தங்கிவிட்டது. மனிதன், இயந்திரம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிற சைபர்னெட்டிக்ஸ் என்ற துறையை 1948-ல் அவர் எழுதி நிறுவியதற்கு இந்த வேலைதான் விதை. இன்றைய ரோபாட்டிக்ஸுக்கு அது ஒரு தாய்வீடு.

அந்தப் போர்க்கால வேலையில் வீனருக்கு மனசாட்சி உறுத்தல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அறிஞர்களுக்கு வேலை தேடிக்கொடுக்க அலைந்தவர். ஊர்மேல் குண்டு போட வரும் விமானத்தை வீழ்த்துவது அவருக்குத் தெளிவான நியாயம். எனக்கும் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

மாற்றம் பிறகு வந்தது. 1945 ஆகஸ்ட்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும். போர் முடிந்தது, ஆனால் அமெரிக்காவில் ராணுவ ஆராய்ச்சி நிற்கவில்லை. விமானக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர், போர்க்காலத்தில் வீனர் எழுதிய அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டுக் கடிதம் எழுதினார். குறி தேடிப் போகும் ஏவுகணை செய்ய அது தேவைப்பட்டது. வீனர் மறுத்தார். மறுத்த கடிதம் 1947 ஜனவரியில் ஒரு அமெரிக்க மாத இதழில் அச்சாகி ஊரெல்லாம் படித்தது. வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நான் உதவ மாட்டேன் என்பது அதன் சாரம். காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்: இந்த ஏவுகணைகளுக்கு இருக்கும் ஒரே நடைமுறைப் பயன் வேறு நாட்டுப் பொதுமக்களைக் கண்மண் தெரியாமல் கொல்வதுதான், நம் ஊர் மக்களுக்கு அவற்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பொறுப்பில்லாத ராணுவவாதிகள் கையில் போய்த் தீங்கு செய்யக்கூடிய எதையும் இனி வெளியிடப்போவதில்லை என்றும் எழுதினார்.

கணக்கு மாறவில்லை, மனிதரும் மாறவில்லை. விமானத்தைத் துரத்துகிற அதே சமன்பாடு 1940-ல் ஒரு ஊரைக் காக்க எழுதப்பட்டது. போர் முடிந்த பிறகு ஒரு ஊரை அழிக்கக் கேட்கப்பட்டது. வீனர் எதற்காக அதைச் செய்தாரோ அந்தக் காரணம் போய்விட்டது, வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காரணமும் வேலையும் பிரிந்த அந்த இடத்தை அவர் பார்த்துவிட்டார். மனமாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பார்வைதான் என்று நான் நினைக்கிறேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. தொழிற்சாலையைத் தானே ஓடவைக்கும் இயந்திரங்களைப் பற்றி ஒரு கம்பெனி ஆலோசனை கேட்டபோது, அதனால் எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று யோசித்து ஒதுங்கிக்கொண்டார். 1949-ல் கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் ராய்தருக்குத் தானே கடிதம் எழுதி, வரப்போவதை முன்கூட்டியே எச்சரித்தார். அந்தக் காலத்தில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தது. எஃப்பிஐ அவர்மீது கோப்பு வைத்திருந்தது. அவருடைய எம்ஐடி சகாவான கணித அறிஞர் டிர்க் ஸ்ட்ரூயிக் மீது 1951-ல் தேசவிரோத வழக்கே போட்டார்கள். வழக்கு 1956-ல் கைவிடப்படும்வரை அவரால் வகுப்பெடுக்க முடியவில்லை. இந்தச் சூழலில் வீனர் தன் நிலையில் நின்றார். 1955-56-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து பாடமும் நடத்தினார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்கு எம்ஐடியில் யாரும் பறிக்க முடியாத பேராசிரியர் பதவி இருந்தது, உலகப் புகழ் இருந்தது. ‘மாட்டேன்’ என்று சொன்ன மறுநாளும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அடுத்து ஜோசப் ராட்பிளாட். இவர் ரோபோ ஆள் இல்லை, இயற்பியலாளர். ஆனால் இந்த விஷயத்தைப் பேசும்போது அவரை விட முடியாது. போலந்துக்காரர். 1939-ல் அவர் இங்கிலாந்துக்கு வந்துவிட, மனைவி டோலா வார்சாவில் சிக்கிக்கொண்டார். யூத அழித்தொழிப்பில் உயிரிழந்தார். ஹிட்லர் கையில் அணுகுண்டு முதலில் கிடைத்துவிடுமோ என்ற பயத்தில்தான் ராட்பிளாட் 1944 தொடக்கத்தில், அமெரிக்கா அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனார். அந்த வருஷக் கடைசியில் ஜெர்மனி அந்த முயற்சியையே கைவிட்டுவிட்டது என்று தெரிந்தது. டிசம்பரில் அவர் கிளம்பிவிட்டார். உளவாளியோ என்று சந்தேகித்தார்கள். காகிதங்கள் இருந்த அவர் பெட்டி ரயில் பயணத்தில் காணாமல் போனது. பிறகு லண்டனில் மருத்துவ இயற்பியலுக்கு மாறினார். அணு ஆயுதத்துக்கு எதிராக விஞ்ஞானிகள் 1957-ல் தொடங்கிய பக்வாஷ் மாநாட்டு இயக்கத்தை வளர்த்தார். 1995-ல் அவருக்கும் பக்வாஷுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ராட்பிளாட் விட்டுச்சென்ற பெரிய சொத்து, மற்றவர்கள் ஏன் கிளம்பவில்லை என்று அவர் யோசித்து எழுதியது. 1985-ல் எழுதிய கட்டுரையில் அவர் யாரையும் வில்லனாக்கவில்லை. நிறையப் பேர் ஆர்வத்தால் தங்கினார்கள் என்கிறார்: கணக்கு சரியா, குண்டு வெடிக்குமா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று. சிலர் ஜப்பானுடனான போர் சீக்கிரம் முடிந்தால் தம் நாட்டுச் சிப்பாய்கள் பிழைப்பார்கள் என்று நினைத்தார்கள். இன்னும் சிலர் எதிர்கால வேலைக்குப் பயந்தார்கள். மிகப் பெரும்பாலோருக்கு உறுத்தலே இல்லை. அதை முடிவு செய்வது வேறு யாரோ என்று விட்டுவிட்டார்கள். இதைப் படிக்கும்போது ரிச்சி தெரு சர்வோவும் கைதட்டலும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஆர்வம் என்பது நல்ல பொறியாளரின் முதல் குணம். அதே குணம்தான் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. ‘இது ஓடுமா?’ என்ற கேள்வி இருக்கும்வரை ‘இது எதற்கு?’ என்ற கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை.

இன்றைய போர்களில் இது இன்னும் சிக்கலாகிவிட்டது. உக்ரைனில் இரு பக்கமும் பறக்கவிடும் சின்ன ட்ரோன்களை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா வழியே பார்த்து ஓட்டுவார். எதிரி ரேடியோ அலையைக் குழப்பி அந்தத் தொடர்பை வெட்டிவிடுவார். அப்புறம் என்ன செய்வது? கடைசிச் சில நூறு மீட்டரில் தொடர்பு அறுந்தாலும், முன்பே காட்டிய இலக்கைக் கேமராவாலேயே பிடித்துக்கொண்டு போகும்படி மென்பொருள் எழுதுகிறார்கள். அடுத்த படி, இலக்கைத் தேடுவதையும் அதனிடமே விடுவது. 2020-ல் லிபியாவில் பயன்பட்ட துருக்கியின் கார்கு-2 ட்ரோன்கள், இயக்குபவரோடு தொடர்பு இல்லாமலே தாக்கும்படி நிரல் எழுதப்பட்டவை என்று ஐநா நிபுணர் குழு 2021-ல் எழுதியது. கொல்லும் முடிவை இயந்திரத்திடம் கொடுப்போம் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போடத் தேவையே இல்லை. சிக்னல் போகிறது, அதற்கு ஒரு தீர்வு. பேட்டரி போதவில்லை, அதற்கு ஒரு தீர்வு. ஒவ்வொன்றும் நல்ல பொறியியல் தீர்வு. ஒரு நாள் மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்போது மனிதர் நடுவில் இல்லை.

அதனால் ‘எந்தப் புள்ளியில் நிற்பது’ என்பது வீனருக்கு இருந்ததைவிட நம் பிள்ளைகளுக்குக் கடினம். அவருக்கு ஒரு கடிதம் வந்தது, பதில் போட்டார். இன்றைக்கு அந்தக் கடிதம் வராது. தென்னந்தோப்பில் நோய் வந்த மரத்தைக் கண்டுபிடிக்க எழுதிய நிரலும், ஓடும் ஆளைக் கண்டுபிடிக்கும் நிரலும் அடிப்படையில் ஒரே குடும்பம்.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனி நினைவு இருக்கிறது. 2008-09-ல் வன்னியில் தலைக்கு மேலே ஓயாமல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை அங்கிருந்த சனம் ‘வண்டு’ என்றுதான் சொன்னது. ரீங்காரம் முதலில் வரும். கொஞ்ச நேரத்தில் ஷெல்லோ குண்டு போடும் கிஃபிர் விமானமோ வரும். அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் வளசரவாக்கத்திலும் போரூரிலும் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் ட்ரோனை மேலே விட்டதும் அப்படி ஒரு அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இலங்கை விமானப்படை பறக்கவிட்ட அந்த வேவு விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை. அவற்றை வடிவமைத்தவர்கள் தங்கள் நாட்டு எல்லையை நினைத்துத்தான் செய்திருப்பார்கள். வன்னி எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஏற்றுமதி என்ற ஒரு வார்த்தை, செய்தவரின் காரணத்தையும் கருவியின் வேலையையும் பிரித்துவிடுகிறது. அப்போது சென்னையில் மனிதச்சங்கிலி நடந்தது, உண்ணாவிரதங்கள் நடந்தன, வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். அரசுகளை நோக்கிக் கேள்விகள் கேட்டோம், கேட்க வேண்டியவைதான். அந்த வண்டின் கண்ணைச் செய்த பொறியாளரைப் பற்றி நாம் பேசவே இல்லை. இன்று இந்தியாவே ஆயுதம் விற்கும் நாடு. 2024-25-ல் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். இங்கே செய்யப்படுவது நாளை எந்த ஊர் வானத்தில் பறக்கும் என்பது நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியாகிவிட்டது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். 2025 மே மாதத்தில் ஒரே இரவில் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக நம் அரசு சொன்னது. அவற்றை வீழ்த்தும் கருவியைச் செய்தவர் 1940-ன் வீனர் நின்ற இடத்தில் நிற்கிறார். கண்ணிவெடி தேடும் முந்த்ராவால் ஒரு சிப்பாயின் கால் தப்பும் என்றால் அதைச் செய்தவர் தலைநிமிர்ந்து நடக்கலாம். ராணுவ வேலையே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, ராட்பிளாட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவரவர் எந்தக் காரணத்துக்காக உள்ளே போனோம் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு, அது இன்னும் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும் என்கிறேன். போர்க்காலத்தில் அதுதான் முடியாமல் போகிறது. அந்த வாரங்களில் கேள்வி கேட்பவர் எல்லோருமே துரோகியாகத் தெரிவார்கள். ஸ்ட்ரூயிக்குக்கு நேர்ந்தது அதுதான்.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்ஐடியில் படித்தவர், அக்னி ஏவுகணையை உருவாக்கியவர். ஆயுத பலம் இருந்தால்தான் நாட்டுக்கு மரியாதை என்று கடைசிவரை நம்பினார். அதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஆனாலும் அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவத்தை அவரே திரும்பத் திரும்பச் சொன்னார். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்திலிருந்து ஒரு எலும்பு மருத்துவர் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். அக்னிக்காக உருவாக்கிய கார்பன் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டு, கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே பிள்ளைகள் காலைத் தாங்கிப் பிடிக்கும் கேலிப்பர் என்ற உலோகச் சட்டத்தை, 3 கிலோ எடையோடு, காலில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சில வாரங்களில் 300 கிராமில் புதிய கேலிப்பர் தயாரானது. பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள், பெற்றோர் கண்ணில் நீர். தனக்குப் பேரானந்தம் தந்த தருணங்களில் ஒன்றாக அதைக் கலாம் குறிப்பிட்டார்.

இதில் எல்லோரும் கேலிப்பரைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த மருத்துவர் முக்கியமாகப் படுகிறார். ஏவுகணை ஆய்வகத்துக்குள் வெளி ஆள் ஒருவர் நுழைந்து, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. அந்தக் கதவு பூட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகள் 3 கிலோவை இழுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். மூடிய அறைக்குள் இருப்பவருக்கு வேறு வழி இருப்பதே தெரிவதில்லை.

தனி ஆளின் தைரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சமீப காலக் கதை ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் வீடியோக்களை அலசும் ‘மேவன்’ திட்டத்தில் கூகுள் வேலை செய்வது 2018-ல் வெளியே தெரிந்தது. சுமார் 4,000 ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், ஒரு டஜன் பேர் வேலையை விட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி பின்வாங்கியது. சென்னை அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சை அந்த ஜூன் மாதம் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில், ஆயுதங்களுக்காக அதைச் செய்ய மாட்டோம் என்ற வாக்குறுதி இருந்தது. வெற்றி என்றார்கள். வேலை வேறு கம்பெனிகளுக்குப் போனது. இஸ்ரேல் அரசுக்குக் கணினிச் சேவை தர முன்பே போட்டிருந்த நிம்பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்து, 2024-ல் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடியவர்களைக் கூகுள் வேலையை விட்டு நீக்கியது. 2025 பிப்ரவரியில் அந்த ஆயுத வாக்குறுதியும் கொள்கையிலிருந்து காணாமல் போனது. ஏழு வருஷத்துக்குள் ஒரு முழுச் சுற்று. அந்த 4,000 பேரும் மனம் மாறினார்கள், உண்மை. அவர்கள் மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கச் சட்டமோ ஒப்பந்தமோ எதுவும் இல்லை.

சட்டம் என்று பார்த்தால், தானே இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில் 2017 முதல் ஐநா நிபுணர் குழு பேசிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வருஷம் அதற்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டுத் தூதர் அமன்தீப் கில். அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். அதனால் நகர்வது கஷ்டம். 2023 அக்டோபரில் ஐநா பொதுச்செயலாளரும் செஞ்சிலுவைச் சங்கத் தலைவரும் 2026-க்குள் ஒரு உடன்படிக்கை வேண்டும் என்று சேர்ந்து கேட்டார்கள். அந்த டிசம்பரில் பொதுச்சபையில் இதைப் பற்றி வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனீவாவில்தான் பேச வேண்டும், இன்னொரு மேடை தேவையில்லை என்பது நம் நாட்டின் வாதம். அதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த வாக்கெடுப்பைப் பற்றித் தமிழில் எவ்வளவு பேச்சு நடந்தது? ரோபாட்டிக்ஸ் துறை இருக்கும் எத்தனை கல்லூரிகளில் இது ஒரு செமினார் தலைப்பாக வந்தது?

சென்னையில் இப்போது வேலைக்குச் சேரும் 22 வயதுப் பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கல்விக் கடன் இருக்கிறது. இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்ன செய்கிறோம் என்று வெளியே பேசக் கூடாது என்று இன்னொரு கையெழுத்து. வீட்டில் தங்கைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். அவரிடம் போய் ‘நீ ஏன் வீனர் மாதிரி இல்லை’ என்று கேட்பது அநியாயம். அவர் நிற்பதற்குத் தரை வேண்டும். ‘இந்த வேலை எனக்கு ஒப்பவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்’ என்று கேட்டால் வேலை போகாது என்ற ஒரு வரி நியமனக் கடிதத்தில் இருந்தாலே பாதி மாற்றம் தானாக வரும். மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். மனிதரைக் கண்டுபிடித்துக் குறி வைக்கும் இயந்திரத்துக்கும் கல்லூரி அளவிலாவது அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு முதல் ரிவ்யூ, இரண்டாம் ரிவ்யூ என்று வைக்கிறோம். துல்லியம் எவ்வளவு, செலவு எவ்வளவு, புதுசாக என்ன என்று கேட்கிறோம். இது யார் கையில் போய்ச் சேரும் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல முடியாத கேள்வி இல்லை அது. சென்னை ஐஐடியில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் ‘ஹோமோசெப்’ ரோபோ ஒரு மாணவரின் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாகத்தான் தொடங்கியது. தொட்டியில் இறுகிப்போன கழிவைச் சுழலும் கத்திகளால் கலக்கி வெளியே எடுக்க வைக்கும் இயந்திரம். கையால் கழிவு அள்ளும் கொடுமையை எதிர்த்துப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்போடு சேர்ந்து அதைக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல் இரண்டு இயந்திரங்கள், தொட்டிக்குள் கணவரை இழந்த பெண்கள் தலைமையிலான சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டன. யார் கையில் என்பதை அவர்கள் முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். அதனால் இயந்திரத்தின் வடிவமும் அந்தக் கைகளுக்கு ஏற்றபடி அமைந்தது.

புதிதாகப் பாடம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் தொழில்முறை நெறிகள் பற்றி ஒரு விருப்பப் பாடம் வைத்திருந்தார்கள். அதன் ஐந்தாவது யூனிட்டில் ஆயுத உருவாக்கம் என்று ஒரு தலைப்பே இருந்தது. இரண்டு மார்க் கேள்வியாக வரும், மூன்று வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு தலைப்புக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கி, வீனரின் மறுப்புக் கடிதத்தை ஒரு நாளும், ராட்பிளாட்டின் ‘ஏன் அவர்கள் கிளம்பவில்லை’யை மறுநாளும் மாணவர்களை வாசிக்க வைத்து, அதே வாரம் நடக்கும் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ‘இது யார் கையில் போய்ச் சேரும்?’ என்ற அந்த நான்காவது கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் கைடுகளும் துறைத் தலைவர்களும். இந்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம்.